ரீஃப் டேங்க் வைக்கப் போறீங்களா, முதல்ல பைப்பப் பாருங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

வீட்டுல கடல்மீன், பவளம் எல்லாம் வச்சு ரீஃப் டேங்க் போடணும்னு இந்த மாசம் மட்டும் மூணு பேர் என்கிட்ட யோசனை கேட்டாங்க. மூணு பேருமே கேட்டது என்ன லைட் வாங்கலாம், நீமோ மீன் எத்தனை விடலாம், தண்ணியக் குளிர வைக்கிற சில்லர் இல்லாம சமாளிக்க முடியுமான்னுதான் (நம்ம ஊரு சூட்டுல கஷ்டம்தான்). தண்ணி மேலருந்து கீழ எப்படி எறங்கும், கீழருந்து மேல எப்படி ஏறும்னு ஒருத்தர் வாயிலயும் வரல. நானும் ஒரு காலத்துல அப்படி இருந்தவன்தான், அதுக்கு விலையும் குடுத்தவன், அதனால நம்ம மாதிரி சிங்கப்பூர்ல வீவக அடுக்குமாடி வீட்டுல இருக்கிறவங்களுக்காக இத எழுதுறேன்.

2018 செப்டம்பர் 18 விடியக்காலை ஒரு மணி வாக்குல தீவுல பல இடத்துல கரண்ட் போச்சே, ஞாபகம் இருக்கா? ஒரு முக்கால் மணி நேரம்கூட இருக்காது, திரும்பி வந்துடுச்சு. பூன் லேல நாங்க நல்லா தூங்கிட்டு இருந்தோம். காலைல ஆறு மணிக்குக் கதவு தட்டுற சத்தம், தொறந்தா கீழ் வீட்டு மக்சிக் (மலாய்க்காரப் பெரியம்மா), கையில ஒரு சின்ன கிண்ணம், "டிக், என் வீட்டு சீலிங்லருந்து தண்ணி சொட்டுது, ஆயர் மாசின் லா"ன்னு சொல்றாங்க. உப்புத்தண்ணி. நாக்குல வச்சே பாத்துட்டுத்தான் வந்திருக்காங்க, ஆறாவது மாடியில கடல் எங்கருந்து வந்துச்சுன்னு அவங்களுக்கு ஒண்ணும் புரியல. எனக்குத் திரும்பிப் பாக்காமலே புரிஞ்சிடுச்சு.

நடந்தது இதுதான். இந்த மாதிரி தொட்டியில கீழ கேபினட்டுக்குள்ள சம்ப்னு இன்னொரு தொட்டி இருக்கும், மேல நிரம்புற தண்ணி ஓவர்ஃப்ளோ வழியா சம்புக்கு எறங்கும், அங்க அழுக்க நுரையாப் பிரிச்செடுக்கிற ஸ்கிம்மர் எல்லாம் சுத்தம் பண்ணினதுக்கு அப்புறம் ரிட்டர்ன் பம்ப் திரும்ப மேல ஏத்தும். கரண்ட் போனா பம்ப் நின்னுடும், ஆனா தண்ணி நிக்காது, அத யாரும் நினைச்சுப் பாக்குறதில்ல. ரிட்டர்ன் பைப்போட வாய் தண்ணிக்கு எவ்வளவு அடியில இருக்கோ அந்த மட்டம் வரைக்கும் சைஃபன் மாதிரி அதே பைப் வழியா கீழ உறிஞ்சிக்கிட்டே இருக்கும். என் தொட்டி 120க்கு 60 சென்டிமீட்டர், அதுல ஒரு சென்டிமீட்டர் தண்ணின்னா 7.2 லிட்டர், பைப் வாய் ஆறு சென்டிமீட்டர் அடியில இருந்துச்சு, அப்ப 43 லிட்டர். சம்புல காலியா இருந்த இடம் 25 லிட்டர்தான். மிச்சத்துக்கு பைப்புலயும் ஓவர்ஃப்ளோ பொட்டியிலயும் இருந்த தண்ணியையும் சேத்துக்குங்க, 20 லிட்டருக்கு மேல ஹால் தரையில.

தொட்டி வச்சுக் குடுத்தவர் அன்னைக்கே சொன்னார், "செக் வால்வு போட்டிருக்கேன் அண்ணே, தண்ணி திரும்பி வராது, பயப்படாதீங்க"ன்னு. அவர் சொன்னது பொய் இல்ல, அன்னைக்கு என் கண் முன்னாலயே சுவிட்ச ஆஃப் பண்ணிக் காட்டினார், சொட்டு வரல. ஆனா அது புது வால்வு. கழட்டிப் பாத்தப்ப அந்த மூடிக்கும் விளிம்புக்கும் நடுவுல மிளகு சைஸ்ல ஒரு நத்தை. ஒரு நத்தை போதும். கடல்தண்ணியில சுண்ணாம்பு படியும், பாசி ஒட்டும், காத்து புகுந்து சைஃபன் அறுகட்டும்னு பைப்புல ஓட்டை போட்டு வச்சாக்கூட ஒரு நாள் அடைச்சுக்கும். செக் வால்வு போடுறதா இருந்தா போட்டுக்குங்க, ஆனா அது இல்லவே இல்லைன்னு வச்சுக்கிட்டுத்தான் சம்ப் சைஸ முடிவு பண்ணணும். இல்லன்னா பைப் வாய மட்டத்துக்குப் பக்கத்துலயே வைங்க, கொஞ்சம் எறங்கினதும் காத்து புகுந்து சைஃபன் அறுந்துடும்.

கரண்ட் நம்ம ஊர்ல எப்பவோ ஒரு தடவைதானே போகுதுன்னு சொல்லாதீங்க, வாட்டர் ஹீட்டர்ல ஒரு சின்ன லீக்னா போதும், நீங்க வேலைக்குப் போயிருக்கிற நேரத்துல வீட்டு டிரிப் சுவிட்ச் மொத்தமா விழுந்துடும்.

இன்னொரு கணக்கும் இருக்கு, இது தலைகீழ். எறங்குற பைப் அடைச்சுக்கிச்சுன்னா பம்ப் பாட்டுக்கு ஏத்திக்கிட்டே இருக்கும், மேல தொட்டி வழியும். இப்ப எனக்கு இருக்கிறது 90க்கு 45 தொட்டி, ஒரு சென்டிமீட்டருக்கு நாலு லிட்டர், விளிம்பு வரைக்கும் மூணு சென்டிமீட்டர் விட்டிருக்கேன், ஆக 12 லிட்டர் தாங்கும். சம்புக்குள்ள பம்ப் இருக்கிற தடுப்புல அது உறிஞ்சக்கூடிய தண்ணி 12 லிட்டருக்குக் கம்மியா இருந்தா, மேல வழியறதுக்கு முன்னாடி பம்ப் காஞ்சிடும். பம்ப் கெட்டாலும் பரவாயில்ல, தரை தப்பிச்சுது.

எறங்குற பைப்ப ஒண்ணோட நிறுத்தாதீங்க. ஒரே பைப்னா காத்தும் தண்ணியும் சேந்து டாய்லெட் ஃப்ளஷ் மாதிரி ராத்திரி பூரா கொறட்டை விடும், அது வேற. ரெண்டு பைப் வைக்கிறத ஹெர்பின்னு சொல்வாங்க, ஒண்ணு தண்ணி மட்டும் நெறஞ்சு போற ஃபுல் சைஃபன், அதுல ஒரு கேட் வால்வு வச்சுத் திருகித் திருகி மட்டத்தப் பிடிக்கணும் (பால் வால்வுல அந்த நுணுக்கம் வராது), இன்னொண்ணு கொஞ்சம் ஒசரத்துல அவசரத்துக்கு. பீன் அனிமல்னு சொல்றதுல மூணு, நடுவுல ஒண்ணுல லேசா தண்ணி ஒழுகிக்கிட்டு இருக்கும், சைஃபன் கொஞ்சம் அசந்தா அது வாங்கிக்கும், மூணாவது சும்மா காஞ்சு நிக்கும். இடம் இருந்தா எனக்கு மூணுதான் பிடிக்கும். எதுவா இருந்தாலும் அவசரப் பைப்புல மட்டும் வால்வு வைக்காதீங்க, பம்ப் தள்ளுற மொத்தத் தண்ணியையும் அது ஒண்ணே எறக்கணும். சைஃபன் பைப்போட அடி முனை சம்பு தண்ணிக்குள்ள ரெண்டு சென்டிமீட்டருக்கு மேல போகவும் வேணாம், ஆழமாப் போனா உள்ள இருக்கிற காத்து வெளிய வராது, சைஃபன் பிடிக்காது.

பைப் வாங்கப் போறவங்க ஒரு விஷயம் கவனிங்க. ஹார்ட்வேர் கடையில ஒரு இஞ்ச்னு குடுக்கிற வெள்ளை பைப்போட வெளி விட்டம் 33.5 மில்லிமீட்டர், மீன் கடையில விக்கிற ஃபிட்டிங் பெரும்பாலும் 32. கையில பிடிச்சுப் பாத்தா ரெண்டும் ஒண்ணுதான். நான் சாண்ட்பேப்பர் போட்டுத் தேய்ச்சு உள்ள தள்ளி ஒட்டிட்டேன், ஒரு வாரத்துல மூட்டுல வெள்ளையா உப்பு பூத்துடுச்சு, எல்லாத்தையும் அறுத்துட்டுத் திரும்பப் போட்டேன். எல்லாம் ஒரே சைஸ்ல ஒரே எடத்துல வாங்குங்க, பம்ப் பக்கத்துல கழட்டுற மாதிரி ஒரு யூனியன் வைங்க, ஒட்டினதுக்கு அப்புறம் ஒரு நாள் விட்டுட்டுத்தான் தண்ணி விடணும். வளைவு கம்மியா இருக்கட்டும், ஒவ்வொரு எல்போவும் பம்போட பலத்தக் கொஞ்சம் திங்கும்.

கடைக்காரங்ககிட்ட ஒண்ணு கேக்குறேன், தொட்டி விக்கும்போது ரசீதுலயே கரண்ட் போனா இத்தனை லிட்டர் எறங்கும், சம்புல இத்தனை லிட்டர் இடம் இருக்குன்னு ரெண்டு நம்பர் எழுதிக் குடுக்க முடியாதா? உங்க பத்திரிகையிலயும் மீன் தொட்டி படம் போட்டா அந்தக் கேபினட் கதவையும் தொறந்து ஒரு படம் எடுத்துப் போடுங்க சார்.

மக்சிக் வீட்டு சீலிங்குக்கு நான்தான் பெயிண்ட் அடிச்சுக் குடுத்தேன். இப்ப என் சம்புல மாஸ்கிங் டேப்ல ஒரு கோடு இருக்கு, தண்ணி அதுக்கு மேல நிக்கக்கூடாது. மாசத்துல முதல் சனிக்கிழமை செக் வால்வ வெளிய எடுத்துட்டு பம்ப ஆஃப் பண்ணி, சம்பு விளிம்புக்கு இன்னும் எத்தனை விரல் இருக்குன்னு பாப்பேன். போன வாரம் நாலு விரல்.

இப்படிக்கு,
பூன் லே வாசகர்