'கோ' மொழியின் ஸ்ட்ரக்ட் டேக்: ஒரு வரியில் கடக்கக் கூடியதன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'கோ' நிரல்மொழி குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரை, ஸ்ட்ரக்ட் டேக் என்பது, பல தரவுகளைத் தொகுத்து வைக்கும் ஸ்ட்ரக்ட் அமைப்பில் புலங்களின் (தனித்தனித் தரவு உறுப்புகளின்) அருகில் எழுதப்படும் ஒருவகைக் குறிப்பு என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டது. புதிதாகக் கற்போர் பலர் இடறும் இடம் அதுவே என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

புலத்தின் பெயரையும் வகையையும் அடுத்து, பெரும்பாலும் பேக்டிக் (`) குறிகளுக்குள் json:"name" என்பதுபோல் எழுதப்படும் அந்தச் சரத்தில் (எழுத்துத் தொடரில்) என்ன இருக்கிறது என்று, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் ஆராய்வதில்லை. நிரல் ஓடும்போதுதான், வகைகளின் அமைப்பை ஆராய உதவும் ரிஃப்ளெக்ட் தொகுப்பின் வழியாக, ஜேசன் (தரவைப் பரிமாறும் எழுத்து வடிவம்) முதலியவற்றுக்கான நூலகங்கள் அதைப் படித்து, இந்தப் புலம் எந்தப் பெயரில் வெளியே போக வேண்டும், அல்லது போகவே கூடாதா என்று முடிவு செய்கின்றன. முக்காற்புள்ளிக்கும் மேற்கோள்குறிக்கும் நடுவே ஓர் இடைவெளி விழுந்துவிட்டால் அந்த டேக் இல்லாததற்குச் சமம். புலம் தன் சொந்தப் பெயரிலேயே, பெரிய முதலெழுத்தோடு, வெளியேறிவிடும். இதில் வேடிக்கை என்னவென்றால், ஜேசனைப் படிக்கும்போது அதே நூலகம் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை. ஆகவே டேக்கில் உள்ள பெயரும் புலத்தின் பெயரும் அந்த வேறுபாட்டில் மட்டும் விலகினால், படிக்கும் பக்கம் ஒழுங்காக நடந்துகொண்டிருக்க, பிழை எழுதும் பக்கத்தில் மட்டும் பதுங்கியிருக்கும். இப்படியொரு இடைவெளியைத் தேடி நான் ஒரு மாலைப்பொழுதையே தொலைத்திருக்கிறேன்.

மதிப்பு வெறுமையாகவோ 0 ஆகவோ இருந்தால் புலத்தை விட்டுவிடச் சொல்லும் 'ஒமிட்எம்ப்டி' என்ற குறிப்பையும் பலர் பழக்கத்தால் எல்லாப் புலங்களிலும் சேர்த்துவிடுகிறார்கள். சரக்கிருப்பு 0 என்று சொல்ல வேண்டிய இடத்தில் அந்தப் புலமே காணாமற்போக, பெறுபவருக்கு இருப்பு இல்லையா, தகவலே இல்லையா என்பது விளங்காது. இவ்விரண்டையும் பிரித்துக் காட்ட வேண்டுமானால் புலத்தைச் சுட்டி வகையாக (மதிப்பு இருக்கும் நினைவக முகவரியைத் தாங்குவதாக) அமைக்க வேண்டும். நேர மதிப்பைத் தாங்கும் டைம் வகைப் புலத்திலோ அக்குறிப்புக்குப் பயனே கிடையாது. அந்தக் குறையைத் தீர்க்க, 2025 பிப்ரவரியில் வெளிவந்த 'கோ' 1.24 பதிப்பில், சுழிய மதிப்புள்ள புலத்தை விட்டுவிடும் 'ஒமிட்ஜீரோ' என்ற குறிப்பு சேர்க்கப்பட்டது.

டேக்கின் வடிவம் பிசகியிருந்தால், நிரலில் ஐயத்துக்குரிய இடங்களைத் தேடும் 'கோ வெட்' கட்டளை காட்டிக்கொடுக்கும். ஆனால் நிரலின் சோதனைகளை ஓட்டும் 'கோ டெஸ்ட்' கட்டளை தானாகவே நடத்திவிடும் வெட் சோதனைகளில் இது சேராது; தனியே ஓட்ட வேண்டும். தங்கள் அடுத்த கட்டுரையில் இந்த ஒன்றையாவது குறிப்பிட்டால் நன்றியுடையேன்.

இப்படிக்கு,
ஒரு நிரலாளர்