ஏழாம் ஆண்டறிக்கை: நீள வண்டிகளோடு ஒரு வருடம்

தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், பொறுமையோடு கூட வந்திருக்கும் வீட்டாருக்கும் வணக்கம்.

டெட்ராய்ட் வட்டாரத்துப் பழைய கார் பிரியர்களாக நாம் கூட ஆரம்பித்து இது ஏழாவது ஆண்டு. எழுபதுகளின் பெரிய சொகுசுக் கார்களை மட்டும் இந்த வருடம் பார்ப்போம் என்று போன பொதுக்குழுவில் முடிவானபோது, "அந்தக் கப்பல்களைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?" என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். கேட்ட பாவத்துக்குச் செயலாளர் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மொத்தம் நான்கு கூட்டம், ஒரு பயணம்.

ஜனவரிக் கூட்டம் நம் மூத்த உறுப்பினர் ஒருவரின் வீட்டு கராஜில் நடந்தது. அவருடையது 1976 காடிலாக் கூப் டி வில். வண்டியின் நீளம் 230.7 அங்குலம், கராஜின் ஆழம் 20 அடி. டேப் பிடித்துப் பார்த்ததில் முன்னும் பின்னும் சேர்த்து ஒரு சாண்தான் மிச்சம். பனி அள்ளும் வாரிக்கு அங்கே இடமில்லை, அது சமையலறைக் கதவோரம் நிற்கிறது. அதைப் பற்றி வீட்டம்மா சொன்னது இந்த அறிக்கைக்கு ஏற்றதல்ல.

அன்று அரை மணி நேரம் பின் பம்பரிலேயே போனது. பம்பருக்கும் பாடிக்கும் நடுவில் வண்டி நிறத்திலேயே ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்கும், ஃபில்லர் என்பார்கள். புது உறுப்பினர் ஒருவர் விரல் வைக்கப் போக, "தம்பி, அதை மட்டும் தொடாதே!" என்று பெரியவர் கத்துவதற்குள் அப்பளம் மாதிரி நொறுங்கிக் கையோடு வந்துவிட்டது. அந்தத் துண்டு அங்கே வந்ததற்குக் காரணம் அரசு விதி. மணிக்கு 5 மைல் வேகத்தில் இடித்தாலும் முன்பக்க விளக்கு முதலியவை பழுதாகக் கூடாது என்று 1973 மாடல்களுக்கு உத்தரவு. பின்பக்கத்துக்கு முதலில் இரண்டரை மைல், அடுத்த ஆண்டு அதுவும் 5. இடித்தால் உள்ளே போய்த் திரும்பி வருகிற மாதிரி பம்பரை அமைத்தார்கள். அது போய்வர இடைவெளி வேண்டும், இடைவெளியை மறைக்க வளைகிற பிளாஸ்டிக் வேண்டும். ஐம்பது வருட வெயிலில் அந்த வளைவு போய்விட்டது. 1958 முதல் 1977 வரை, காடிலாக்கைச் செய்யும் ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் தலைவராக இருந்த பில் மிட்செல், கத்தி மடிப்புப் போல விளிம்பு இழுப்பதில் கெட்டிக்காரர். அப்படி இழுத்த கோடு பம்பருக்கு வந்ததும் அறுந்து, பிளாஸ்டிக்கில் போய் முடிவதை அன்று எல்லோரும் குனிந்து பார்த்தோம்.

மே மாதம் ஒரு உறுப்பினர் தன் 1973 லிங்கன் மார்க் ஃபோரைக் கொண்டுவந்தார். மூடி போட்ட ஹெட்லைட்டுகள். மூடிகள் இன்ஜினின் வேக்குவத்தில், அதாவது அது காற்றை உறிஞ்சும் இழுப்பில், ஓடுகின்றன. ரப்பர் குழாய் எங்கோ கசிகிறது போல, நிறுத்தி வைத்த கொஞ்ச நேரத்தில் ஒரு மூடி மட்டும் மெல்லத் திறந்தது. சாப்பாடு முடியும் வரை வண்டி எங்களைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டே இருந்தது. ஃபோர்டின் தண்டர்பேர்ட் காரின் அடித்தளத்தில் ரோல்ஸ் ராய்ஸ் மாதிரி ஒரு கிரில்லை வைக்கச் சொல்லி, லிங்கனைச் செய்யும் ஃபோர்டில் அதிகாரியாக இருந்த லீ ஐயகோக்கா தொடங்கிவைத்த வரிசை இது. 1968இல் வந்த மார்க் த்ரீ நன்றாக விற்றதால் மார்க் ஃபோரில் இன்னும் துணிந்தார்கள். கூரையைத் தாங்கும் பின் தூண் அகலமாகி உள்ளே இருட்டானதும், அதில் முட்டை வடிவத்தில் சின்ன ஜன்னல் வைத்து அதற்கு ஓபரா ஜன்னல் என்று பெயரும் வைத்தார்கள். 1976இல் கார்ட்டியே, ஜிவான்ஷி, புச்சி, பில் பிளாஸ் என்ற நகை, உடை வடிவமைப்பாளர்களின் பெயர்களில் தனித்தனி நிறக்கலவைகள் வந்தன. பட்டுப்புடவைக் கடை போல என்று ஒருவர் சொன்னார். எனக்கு அது குறையாகப் படவில்லை. கூரைத் தகரத்தின் மேல் தோல் மாதிரி ஒட்டுகிற வினைல் கூரைதான் எனக்குப் பிடிக்காதது. அடியில் ஈரம் தங்கித் தகரத்தைத் தின்கிறது, வெளியே ஒன்றும் தெரியாது.

கிறைஸ்லருக்கு ஒதுக்கிய கூட்டத்துக்கு வண்டியே வரவில்லை, படம் போட்டுப் பார்த்தோம். 1973 இம்பீரியல் 235 அங்குலத்துக்கும் மேல். 1975ஓடு இம்பீரியலை நிறுத்திவிட்டு, அதன் முகத்தை அப்படியே 1976 நியூயார்க்கர் புரோமுக்கு மாட்டினார்கள். மாமியார் நகையை மருமகளுக்குப் போட்ட கதைதான்.

ஆகஸ்டில் ஹிக்கரி கார்னர்ஸில் உள்ள கில்மோர் அருங்காட்சியகத்துக்குப் போனோம். ஒரே வளாகத்தில் லிங்கனுக்கும் காடிலாக்குக்கும் தனித்தனிக் கட்டடம் இருப்பதால் சண்டையில்லாமல் பிரிந்து போக முடிந்தது.

சண்டை அக்டோபரில் வந்தது. 1970 காடிலாக் எல்டொராடோவுக்கு 400 குதிரைத்திறன், அதே 500 கன அங்குல இன்ஜின் 1976இல் 190 என்றதும் "பாதியைத் திருடிவிட்டார்கள்" என்று சத்தம். 1972இல் அளக்கும் முறையே மாறியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று பொருளாளர் சொல்லி அடக்கினார். அப்புறம் பேச்சு 1977 டி வில்லுக்குப் போனது. 1973 எண்ணெய்த் தடையும் 1975இல் வந்த மைலேஜ் சட்டமும் நெருக்க, நீளம் 221.2 அங்குலமாக இறங்கியது, எடையில் ஏறக்குறைய 900 பவுண்டு போனது. ஆனால் தலைக்கு மேல் இடமும் டிக்கியும் பெரிதாயின. அப்படியானால் அதற்கு முந்தைய அந்த இன்னொரு சாண் நீளம் யாருக்காக இருந்தது என்று நான் கேட்டேன். "பக்கத்து வீட்டுக்காரருக்காக" என்றார் பெரியவர். அவர் தன் 76ஐ விற்கப் போவதில்லை.

சந்தா பாக்கி மூவரிடம் இருக்கிறது, பெயர் சொல்லவில்லை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

ஃபைபர்கிளாஸ் ஃபில்லர் மொத்தமாக வாங்கினால் மலிவு என்பதால் சேர்ந்து ஆர்டர் கொடுக்க இருக்கிறோம். வேண்டியவர்கள் வண்டியின் ஆண்டு, மாடல், முன்பக்கமா பின்பக்கமா என்பதை எழுதி இன்றே என்னிடம் கொடுங்கள். பெயின்ட் அவரவர் பொறுப்பு.

செயலாளர்