மணமகள் தேவை விளம்பரங்களும் நட்சத்திரப் பழியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிற்றுக்கிழமை மணமகள் தேவை பகுதியில் தவறாமல் இடம்பெறும் 'மூலம், ஆயில்யம் தவிர்க்கவும்', 'சுத்த ஜாதகம் மட்டும்' என்ற வரிகளைக் குறித்து ஒரு வேண்டுகோளை முன்வைக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பிறந்த காலத்தைக் காட்டிப் பெண்ணை ஒதுக்கும் வழக்கம் நமக்கு மட்டுமே உரியதன்று. அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் 'நெருப்புக் குதிரை' ஆண்டில் பிறக்கும் பெண் கணவனின் ஆயுளைக் குறைத்துவிடுவாள் என்ற நம்பிக்கை ஜப்பானில் பல தலைமுறைகளாக உண்டு. காதலனைக் காணும் ஆசையில் தீ வைத்ததற்காக 1683-இல் எரித்துக் கொல்லப்பட்டதாகச் சொல்லப்படும் காய்கறிக் கடைக்காரர் மகள் ஒஷிச்சி அந்த ஆண்டில் பிறந்தவள் என்ற கதை அதற்கு வலுவூட்டியது. 1906-இல் பெண் குழந்தை பெற்றவர்களில் பலர், பிள்ளை முந்தைய ஆண்டிலோ அடுத்த ஆண்டிலோ பிறந்ததாகப் பதிவு செய்தார்கள். 1966-இல் அதற்கும் அவசியம் இல்லாமல் போயிற்று. குழந்தை பெறுவதையே தள்ளிப்போட்டார்கள். 1965-இல் சுமார் 18.2 லட்சமாக இருந்த பிறப்புகள் அந்த ஒரே ஆண்டில் 13.6 லட்சமாகச் சரிந்து, 1967-இல் 19.4 லட்சத்துக்கு ஏறின. போரோ பஞ்சமோ இல்லாத, அதிவேக ரயில் ஓடத் தொடங்கி இரண்டாண்டு கடந்த ஒரு நாட்டில் நடந்தது இது. நம் பஞ்சாங்கக் கணக்கில் அது பராபவ ஆண்டு. 2026-இல் இரண்டு சுழற்சிகளும் மீண்டும் அதே இடத்துக்கு வருகின்றன.

ஜப்பானியருக்காவது அறுபது ஆண்டுக்கு ஒருமுறைதான் இந்தத் தொல்லை. மூலத்தில் பிறந்தவள் மாமனாருக்கு ஆகாது, ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது, கேட்டை மூத்த மைத்துனருக்கும் விசாகம் இளையவருக்கும் ஆகாது, பூராடத்தில் பிறந்தவள் கழுத்தில் நூல் நிலைக்காது என்று நம்மவர்கள் ஒதுக்கி வைத்திருப்பவை ஐந்து நட்சத்திரங்கள். இருபத்தேழில் ஐந்து என்றால், ஏறக்குறைய ஐந்து பெண்களில் ஒருத்தி ஆண்டுதோறும் இப்பழியோடு பிறக்கிறாள். அதே மூலத்தில் பிறந்த ஆண் அரசாளுவான் என்று பழமொழி சொல்லி மகிழ்பவர்களும் இவர்களே.

செவ்வாய் தோஷத்தின் கணக்கு இன்னும் விசித்திரமானது. லக்னத்திலிருந்து, அதாவது பிறந்த நேரத்தில் கிழக்கில் உதிக்கும் ராசியிலிருந்து எண்ணி, இரண்டு, நான்கு, ஏழு, எட்டு, பன்னிரண்டு ஆகிய வீடுகளில் செவ்வாய் இருந்தால் தோஷம் என்பது விதி. பன்னிரண்டில் ஐந்து இடம் போயிற்று. லக்னத்தோடு நில்லாமல் சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் எண்ணினால் தப்பிக்கும் ஜாதகமே அரிது. ஆகவேதான் ஆட்சி, உச்சம், குரு பார்வை, கடக சிம்ம லக்னங்கள் என்று ஜோதிடர்களே நீண்ட விதிவிலக்குப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியல் விளம்பரத்தின் இரண்டு வரிக்குள் ஒருபோதும் ஏறுவதில்லை.

எங்கள் உறவில் ஒரு பெண்ணின் ஜாதகம், மூலையில் தடவிய மஞ்சள்கூட மங்காமல், 'பொருத்தம் இல்லை' என்ற ஒரே சொல்லோடு திரும்பத் திரும்ப வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. கடைசியில் தரகரே ஒரு வழி சொன்னார்: பிறந்த நேரத்தை முக்கால் மணி தள்ளி எழுதினால் லக்னம் அடுத்த ராசிக்குப் போய்விடும், செவ்வாயும் எட்டிலிருந்து ஏழுக்குக்கூட நில்லாமல் ஆறுக்கு வரும்படி இன்னும் இரண்டு மணி சேர்த்துக்கொள்ளலாம் என்றார். 1906-இல் ஜப்பானியப் பெற்றோர் செய்ததும் இதுவே. பொய்யான நேரத்தை வைத்துப் பார்க்கும் பத்துப் பொருத்தத்துக்கு ஜோதிடத்திலேனும் மதிப்பு உண்டா என்று நம்பிக்கை உள்ளவர்கள்தாம் கேட்க வேண்டும்.

ஜாதகம் பார்ப்பவர்கள் பார்க்கட்டும். அது அவரவர் வீட்டு விஷயம். ஆனால் ஒரு நட்சத்திரத்தில் பிறந்தவர்கள் வேண்டவே வேண்டாம் என்பதை ஊரறிய அச்சிடுவது தங்கள் நாளிதழின் பொறுப்பில் வருகிறது. விளம்பரப் படிவத்தில் தம் பிள்ளையின் ராசி, நட்சத்திரத்தைக் குறிப்பிட இடம் தந்துவிட்டு, தவிர்க்க வேண்டிய நட்சத்திரங்களைக் குறிப்பிட்டு வரும் வரிகளை மட்டும் ஏற்பதில்லை என முடிவெடுத்தால் வருமானத்தில் பெரிய இழப்பு நேராது என்றே கருதுகிறேன். தங்கள் ஜோதிடப் பகுதியில் தோஷங்களைப் பற்றி எழுதுவோர், அவற்றின் விதிவிலக்குகளையும் அதே இடத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிட வேண்டும் எனவும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
கும்பகோணம்.