ஜவ்வாது மலைக்குப் போகும் நம் பிள்ளைக்காக

விக்கிரமசிங்கபுரம்

அன்புள்ள தோழிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். அங்கேயும் சுகந்தானே? உன் கடிதம் வந்து நாலு நாளாகிறது. உன் மகளுக்கு ஜவ்வாது மலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் வேலை கிடைத்ததைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது. பாளையங்கோட்டையில் நாம் ரெண்டு பேரும் ஒரே பாயில் படுத்து நர்ஸ் பயிற்சி எடுத்த காலத்தில் இதையெல்லாம் கனவில்கூட நினைத்ததில்லை.

மலை ஜனங்களிடம் எப்படி நடந்துகொள்வது என்று அவளுக்கு ரெண்டு வார்த்தை எழுதச் சொல்லியிருக்கிறாய். ரெண்டு வார்த்தையில் அடங்காது, ஏட்டி. எனக்குத் தெரிந்ததெல்லாம் இங்கே பாபநாசம் மலையில் காரையாறு, மயிலாறு, சேர்வலாறு பக்கத்தில் இருக்கும் காணிப் பழங்குடிகளின் குடியிருப்புகள்தான். ஜவ்வாது மலையில் இருப்பவர்கள் மலையாளிப் பழங்குடிகள், அவர்கள் வழக்கம் வேறு. அதை அவர்களிடம் கேட்டுத்தான் அவள் தெரிந்துகொள்ள வேண்டும். நான் கேட்கத் தெரியாமல் பட்ட பாட்டை வேண்டுமானால் சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், பிரசவம் ஆஸ்பத்திரியில்தான் நடக்க வேண்டும் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பெண் சம்மதித்து என்னோடு இறங்கி வந்தாள். கீழே ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். உள்ளே போனதும் அவள் கையில் கட்டியிருந்த கயிற்றைக் கத்தரித்துக் குப்பையில் போட்டார்கள். கூட வந்த தாயாரை வெளியே நிறுத்தினார்கள். 'இவ்வளவு நேரம் காட்டுல என்ன செஞ்சே' என்று ஒரு சத்தம். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. மறுநாள் விடியுமுன் தாயும் பிள்ளையும் படுக்கையில் இல்லை. 'சொல்லாமல் ஓடிவிட்டார்' என்று கேஸ் ஷீட்டில் எழுதி முடித்துவிட்டார்கள்.

அப்புறம் ஒரு வருஷம் அந்தக் குடியிலிருந்து ஒருத்தியும் இறங்கவில்லை. மலையிலேயே நடந்த ஒரு பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காமல், தூளி கட்டிச் சுமந்து வந்தோம். தாய் பிழைத்தாள், குழந்தை பிழைக்கவில்லை. அந்த முகம் இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை.

அதன்பிறகுதான் போய் உட்கார்ந்து கேட்டேன். மரச்சீனிக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த ஒரு பாட்டி தலை நிமிராமல் சொன்னாள்: "அந்தப் பிரசவ மேசை உசரம் அம்மா. கால் தரையில படல. விழுந்துருவோம் விழுந்துருவோம்னே இருந்துச்சாம் பிள்ளைக்கு." நான் பயம், மூடநம்பிக்கை, படிப்பில்லை என்றெல்லாம் ரிப்போர்ட்டில் எழுதியிருந்தேன். கால் தரையில் படாததை எழுதவே இல்லை. பிரசவத்தில் தாய் தனக்கு வசதியான நிலையில் இருக்கலாம், அவள் விரும்பும் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இருக்கிறது. அதைப் படித்தபோது அந்தப் பாட்டியைத்தான் நினைத்துக்கொண்டேன். நம் பிள்ளை பிரசவ அறைக்குள் முதலில் பாயை விரிக்கட்டும், தாயாரை உள்ளே விடட்டும். கயிற்றை அவிழ்த்தே ஆக வேண்டுமென்றால் அதைத் தாயார் கையில் கொடுக்கட்டும்.

அடுத்தது பிலாத்தி. காணிகளுக்கு வைத்தியரும் பூசாரியும் அவர்தான். கொக்கரை என்ற இரும்புக் கருவியை உரசிக்கொண்டு சாற்றுப்பாட்டு பாடுவார். ஆரம்பத்தில் அவரை எதிரியாகத்தான் பார்த்தேன். ஒரு மழைக்காலத்தில் ஒருவனைக் கண்ணாடிவிரியன் கடித்துவிட்டது. நான் போகும்போது பிலாத்தி பாடிக்கொண்டிருந்தார். நிறுத்துங்கள் என்று சொல்ல வாய் வந்ததை விழுங்கிக்கொண்டு, "ஐயா, நீங்களும் வண்டியில வாங்க, பாட்டை நிறுத்த வேண்டாம்" என்றேன். கடித்த காலை இறுக்கிக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, இது மட்டும் என் பக்கத்துக் கோரிக்கை. ஒத்துக்கொண்டார். மலைப்பாதை முழுக்க அவன் தலையில் கை வைத்து முணுமுணுத்துக்கொண்டே வந்தார். வழியெல்லாம் துடித்துக்கொண்டு வந்திருக்க வேண்டியவன், அவர் கை பட்டதும் அமைதியாகக் கிடந்தான்.

ஆஸ்பத்திரியில் அவன் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, இருபது நிமிஷம் அசைக்காமல் வைத்திருந்து சாய்த்துப் பார்ப்போமே, அதைப் பிலாத்தியைப் பக்கத்தில் நிற்க வைத்துச் செய்தோம். உறைந்திருக்க வேண்டிய ரத்தம், விஷம் ஏறியதால் தண்ணீர் மாதிரி ஓடியது. குழாயைக் கையில் வாங்கி அவரே இன்னொரு தடவை சாய்த்துப் பார்த்தார். விஷமுறிவு மருந்து எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர்கள் 1978இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, பாம்பைப் பிடித்து, விஷத்தை எடுத்துவிட்டுத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். மருந்துக் கம்பெனிக்காரர்கள் அந்த விஷத்தைக் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தி, அதன் ரத்தத்திலிருந்து மருந்து எடுக்கிறார்கள். நான் சொன்னதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப இதுவும் காட்டு மருந்துதான்" என்றார். அடுத்த முறை பாம்புக்கடி என்றதும் எனக்கு ஆள் அனுப்பியது அவர்தான். கட்டும் இல்லை, கீறலும் இல்லை.

இன்னொன்றையும் அவளிடம் சொல். செடி, வேர் பற்றி யாராவது நம்பிச் சொன்னால், கேட்காமல் நோட்டில் குறிக்க வேண்டாம், போட்டோ எடுக்க வேண்டாம். நம் அகத்தியர் மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், 1987இல் ஆராய்ச்சியாளர்களோடு போன காணிகள் சின்னக் காய் ஒன்றைத் தின்றுகொண்டே களைக்காமல் நடந்ததைப் பார்த்துத்தான் ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகை வெளியுலகுக்குத் தெரிந்தது. மருந்தான பிறகு வருமானத்தில் காணிகளுக்கும் பங்கு கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். எத்தனை பேர் அப்படிச் செய்கிறார்கள்?

மலை மட்டும் என்றில்லை, சமவெளியிலும் இதே கதைதான். என் பக்கத்து வீட்டம்மா பீடி சுற்றுகிறவள், சுகர் இருக்கிறது. ஓட்ஸ் சாப்பிடு, காலையில் ஒரு மணி நேரம் நட என்று சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கணக்குப்படி பீடி ஒப்படைக்காவிட்டால் அன்றைக்குக் கூலி குறையும் என்பது அந்தச் சீட்டில் இல்லை. நான் போய், ஒவ்வொரு கட்டு முடிந்ததும் தட்டை இறக்கி வைத்துவிட்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நாலு நடை நட, கஞ்சியைக் குறைத்துக் கீரையையும் பயறையும் கூட்டு என்றேன். செய்கிறாள். 2021இல் அரசாங்கத்தின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வந்தபிறகு மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டு வருகிறவள் இதே தெருப் பெண் என்பதால் இவளும் தயங்காமல் எல்லாம் சொல்கிறாள். நீலகிரி கூடலூரில் 1990இல் தொடங்கிய ஆதிவாசி ஆஸ்பத்திரியில் ஆதிவாசிப் பெண்களையே நர்ஸாக்கினார்களே, அது மாதிரி நம் பிள்ளையும் அந்த மலைப் பெண் ஒருத்தியையாவது ஓ.பி. சீட்டுக் கொடுக்கிற இடத்தில் உட்கார வைக்கப் பார்க்கட்டும்.

வேலையில் சேருமுன் ரெண்டு நாள் அவளை இங்கே அனுப்பு. காரையாறு பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போகிறேன். செக்போஸ்ட் அடைக்குமுன் திரும்பிவிடலாம். பிலாத்தி இப்போது இல்லை. அந்தப் பாட்டி இருக்கிறாள், காதுதான் கொஞ்சம் மந்தம். பக்கத்தில் உட்கார்ந்துதான் பேச வேண்டும்.

உன் முட்டுவலி பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே. அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
உன் பழைய பாய்க்கூட்டாளி