வீட்டாரிடம் எவ்வளவு சொல்லலாம்?

அன்புள்ள மகளுக்கு,

நீ கனடாவின் கல்கரியில் மருத்துவ மரண விசாரணை அலுவலகத்தில் சேர்ந்ததை அம்மா இன்னும் ஊருக்குச் சொல்லவில்லை. கேட்பவர்களிடம் "ஆஸ்பத்திரியிலதான் வேலை" என்கிறாள். பிரேதம் பார்க்கிற வேலை என்றால் கலியாணப் பேச்சில் தடங்கல் வருமோ என்ற பயம் அவளுக்கு. எனக்கு அந்தப் பயம் இல்லை. என் வேலையையே நீ தேர்ந்தெடுத்திருக்கிறாய் என்பதில் எனக்கு இருக்கும் சந்தோஷத்தை நான் யாரிடமும் மறைக்கப் போவதில்லை.

போனில் நீ ஒன்று கேட்டாய்: "அப்பா, செத்தவரின் வீட்டாரிடம் எவ்வளவு சொல்லலாம்?" அது போனில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

உறுதியாகத் தெரிந்ததை எல்லாம் சொல். இன்னும் தெரியாதது எது, அது எப்போது தெரியவரும் என்பதையும் சொல். ஊகத்தை மட்டும் உன்னோடு வைத்துக்கொள். இவ்வளவுதான் என் பதில். ஆனால் இந்த முடிவுக்கு நான் எப்படி வந்தேன் என்று தெரியாவிட்டால், ஒரு நாள் ஒரு தாய் உன் முன்னால் அழும்போது நீ இதை விட்டுவிடுவாய்.

நான் டாக்டர் இல்லை. இலங்கையில் என்னைப் போன்ற திடீர் மரண விசாரணை அதிகாரிக்கு மருத்துவப் படிப்புத் தேவையில்லை. நீதி அமைச்சு நியமிக்கும். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் எங்கள் கடமையைச் சொல்கிறது. தற்கொலை, விபத்து, மிருகம் தாக்கிய சாவு, திடீர்ச் சாவு, காரணம் தெரியாத சாவு என்று தகவல் வந்தால் உடனே போய் உடலைப் பார்க்க வேண்டும், சாட்சியம் பதிய வேண்டும், சந்தேகம் இருந்தால் சட்ட வைத்திய அதிகாரியின் பிரேத பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். சிறையிலோ பொலிஸ் காவலிலோ ஒருவர் இறந்தால் நீதவானே விசாரிக்க வேண்டும். நீ இருக்கும் அல்பேர்ட்டா மாகாணத்தில் 1977இல் பழைய கொரோனர் (மரண விசாரணை அதிகாரி) முறையை விட்டுவிட்டு, டாக்டரைத் தலைமையாக வைத்த முறைக்கு மாறினார்கள். உன்னைப் போலத் தாதி வேலை பார்த்தவர்கள் விசாரணைக்குப் போகிறார்கள். உங்களிடம் ஆய்வுகூடம் இருக்கிறது, குளிரறை இருக்கிறது, இரத்தத்தில் என்ன நஞ்சு என்று பார்க்க ஆள் இருக்கிறது. எனக்கு ஒரு டோர்ச்லைட், ஒரு கொப்பி, கூட வரும் பொலிஸ்காரர். ஆனாலும் நாம் இரண்டு பேரும் முதலில் செய்வது ஒன்றுதான். உயிரோடு இருப்பவர்களிடம் கேட்பது.

இங்கே மட்டக்களப்பின் படுவான்கரையில் வேளாண்மை வெட்டுக் காலம். அண்ணனும் தம்பியும் வயல் வாடிக் குடிசையில் காவலுக்குப் படுத்திருந்தார்கள். விடிவதற்கு முன் மூத்தவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழும்பியிருக்கிறான். வைத்தியசாலைக்குக் கொண்டு போகிற வழியிலேயே மூச்சு நின்றுவிட்டது. உடலில் காயம் இல்லை, வீக்கம் இல்லை. நான் போய்ச் சேர்ந்தபோது, பக்கத்து வயல்காரன் செய்வினை செய்து கொன்றுவிட்டான் என்று ஊர் கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டு குடும்பத்துக்கும் பழைய வரம்புச் சண்டை. அடி விழாமல் இருக்க அந்த மனிதனைப் பொலிஸார் ஜீப்பில் ஏற்றி வைத்திருந்தார்கள்.

நான் தம்பிக்காரனைத் தனியாகக் கூட்டிப்போய்க் கிணற்றுக்கட்டில் இருத்தினேன். "அண்ணன் எழும்பினதில இருந்து என்னென்ன சொன்னான், ஒண்டும் விடாமச் சொல்லு மனே" என்றேன். நிறைய நேரம் எடுத்தது. கடைசியில் சொன்னான்: "கண்ணத் தொறக்க ஏலாம இரிக்கி எண்டான். பொறகு கதை குழறிட்டு." எங்கே படுத்தீர்கள் என்று கேட்டேன். தரையில், பாய் போட்டு. இமை சரிந்திருக்கிறது, பேச்சுக் குழறியிருக்கிறது, வயிறு வலித்திருக்கிறது, இரவில் வெறும் தரையில் நித்திரை. எண்ணெய் விரியன் பாம்பு அப்படித்தான். தூங்குகிறவனைக் கடிக்கும், பல நேரம் வலி கூடப் பெரிதாகத் தெரியாது, வீங்காது. விஷம் நரம்பைப் பிடித்து மூச்சு விடுகிற தசைகளை நிறுத்திவிடும். தம்பி சொன்னதை அப்படியே எழுதி உடலோடு அனுப்பினேன். சட்ட வைத்திய அதிகாரி கண்ணாடி வைத்துத் தேடி, காதுக்குப் பின்னால் மயிருக்குள் இரண்டு சிறு புள்ளிகளைக் கண்டுபிடித்தார். நான் எழுதிவிட்ட குறிப்பு இல்லாவிட்டால் அங்கே அவ்வளவு நேரம் தேடியிருக்க மாட்டேன் என்று பிறகு என்னிடம் சொன்னார்.

அறிக்கை நீதிமன்றத்துக்குப் போகும், அது அதன் வழி. நான் அன்று மாலையே செத்த வீட்டுக்குப் போனேன். தகப்பனையும் மாமன்மாரையும் இருத்தி, என்ன கடித்தது, எப்படி உயிர் போனது, ஏன் ஒருவருக்கும் தெரியாமல் போனது என்று சொன்னேன். வாசலில் நின்ற சனமும் கேட்கிற மாதிரிச் சத்தமாகவே சொன்னேன். சொல்லாமல் வந்திருந்தால் அந்த வயல்வட்டையில் இரண்டாவது சாவும் விழுந்திருக்கும். அடுத்த போகத்துக்கு அங்கே வாடிகளில் பரண் கட்டி, நுளம்பு வலை போட்டுப் படுத்தார்கள்.

இன்னொரு சங்கடம் உனக்குக் கட்டாயம் வரும். தானாக உயிரை மாய்த்துக்கொண்டவரின் வீடு. அங்கே பெரியவர்கள் கையைப் பிடித்துக்கொள்வார்கள்: "வயித்துக்குத்து எண்டு எழுதுங்க ஐயா, வீட்டில குமர்ப்புள்ளையள் இரிக்கி." தற்கொலைக்கு முயல்வது 1998 வரை இங்கே குற்றம். சட்டம் மாறின பிறகும் அந்தப் பயமும் வெட்கமும் வீடுகளை விட்டுப் போகவில்லை. அவர்கள்மேல் கோபப்படாதே. ஆனால் பொய்யும் எழுதாதே. 1995இல் இந்த நாட்டில் ஒரு இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 பேர் அப்படி இறந்தார்கள், உலகத்திலேயே மிக அதிகமான வீதங்களில் ஒன்று அது. எந்தப் பயிர் மருந்து எத்தனை உயிரை எடுக்கிறது என்று ஆஸ்பத்திரிப் பதிவுகளிலும் மரணப் பதிவுகளிலும் தெரிந்ததால்தான் கொடிய மருந்துகளை அரசாங்கம் ஒவ்வொன்றாகத் தடை செய்தது. அடுத்த 20 வருடத்தில் அந்த வீதம் நூற்றுக்கு 70 பங்கு குறைந்தது. வயிற்றுக்குத்து என்று எல்லாரும் எழுதியிருந்தால் அந்த மருந்துகள் இன்றும் கடையில் இருந்திருக்கும். என் கையைப் பிடித்தவர்களுக்கு இதைத்தான் பொறுமையாகச் சொன்னேன். சிலருக்கு விளங்கியது. விளங்காதவர்கள் என்னோடு பேசாமல் இருந்தார்கள், அது அவர்களுடைய உரிமை.

உன் படிவத்திலும் இயற்கை, விபத்து, தற்கொலை, கொலை, தீர்மானிக்க முடியாதது என்று இருக்கும். கடைசியாக உள்ளதை எழுத உன் டாக்டர் தயங்கினால் நீ தயங்காமல் சொல்: தெரியவில்லை என்பதும் நேர்மையான பதில்தான். வீட்டார் அதைத் தாங்குவார்கள். பொய்யென்று தங்களுக்கே தெரிந்த ஒரு காரணத்தைத்தான் அவர்களால் தாங்க முடியாது.

எங்கள் சனத்துக்கு மரண விசாரணை என்றால் என்ன என்று நீ பிறந்த காலத்துப் பிள்ளைகளுக்கு முழுதாகத் தெரியாது. 1983 ஜூன் மாதம் அவசரகால விதி 15ஏ வந்தது. படையினர் சுட்ட உடலை விசாரணையும் இல்லாமல் பிரேத பரிசோதனையும் இல்லாமல் புதைக்கலாம், எரிக்கலாம் என்று அது அனுமதி கொடுத்தது. ஒரு கையெழுத்தில் எத்தனை கேள்விகளை மூடிவிட்டார்கள் என்று பார். 1990இல் சத்துருக்கொண்டானில் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள், குருக்கள்மடத்தில் முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்கள் வேறு வேறு ஆட்கள். உடலைக் காணாமல் வருடக்கணக்காகக் காத்திருந்த வீடுகள் ஒரே மாதிரித்தான். 2010இல் காணாமற்போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் எடுக்க ஒரு சட்டம் வந்தபோது, இந்த மாவட்டத்திலும் எத்தனையோ தாய்மார் வேண்டாம் என்றார்கள். எப்படி இறந்தான், எங்கே இறந்தான் என்று ஒருவரும் சொல்லாமல் நீட்டுகிற தாளை எந்தத் தாய் வாங்குவாள்? உன் அலுவலகத்தில் நீ ஒரு விசாரணையைச் சரியாக முடித்து, உடலை உரியவர்களிடம் கொடுக்கும்போது, இங்கே ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கிடைக்காத ஒன்றை ஒரு குடும்பத்துக்குக் கொடுக்கிறாய். அது சாதாரண அலுவலக வேலை இல்லை, மகள்.

அடையாளம் காண்பதைப் பற்றியும் சொல்லவேண்டும். முகத்தைப் பார்த்து "ஓம், இவர்தான்" என்று வீட்டார் சொன்னால் அதோடு விட்டுவிடாதே. தண்ணீரில் கிடந்த உடலில் முகம் ஆளை ஏமாற்றும், அழுத கண்ணும் ஏமாற்றும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாட்டிலேயே அதிகம் பேர் இறந்தது அம்பாறை மாவட்டத்தில். இங்கே நாவலடி, கல்லடி, அங்கே கல்முனை, மருதமுனை, பாண்டிருப்பு. குளிரறை போதாது, வெயில், நோய் பரவும் என்ற பயம். எத்தனையோ உடல்களை அடையாளம் காணாமலே புதைத்தார்கள். பேரழிவில் காயப்பட்டு இறந்தவர்களின் உடலால் தொற்றுநோய் கிளம்பாது என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. அது அன்று எல்லாருக்கும் தெரிந்திருந்தால் ஒரு படம், ஒரு இலக்கம், கழுத்தில் காதில் கிடந்ததை ஒரு பையில் போட்டு வைக்கிற அளவுக்காவது அவகாசம் எடுத்திருப்பார்கள். பல், பழைய தழும்பு, சத்திரசிகிச்சை அடையாளம், இவற்றை எல்லாம் கேட்டு எழுது.

எண்ணிக்கையிலும் அவசரம் வேண்டாம். 2019 ஈஸ்டர் ஞாயிறன்று இங்கே சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த அன்று, நாட்டில் எட்டு இடங்களில் குண்டு வெடித்தது, பல இடங்களில் சிதறின உடல்கள். இறந்தவர்கள் 359 பேர் வரை என்றார்கள். குண்டு வெடித்து நான்கு நாள் கழித்து ஏறக்குறைய 253 என்று திருத்தினார்கள். சிதறின பாகங்களை இரண்டு தரம் எண்ணிவிட்டார்கள். அந்த நாட்களில் பிரேத அறைகளில் உறக்கமில்லாமல் நின்று பாகம் பாகமாக ஒப்பிட்டுச் சேர்த்தவர்களை நான் கும்பிடுகிறேன்.

உன் நாட்டில் முஸ்லிம் குடும்பங்களும் யூதக் குடும்பங்களும் உடலை உடனே கேட்பார்கள். வெட்டவேண்டாம் என்பார்கள். இதைத் தொந்தரவாக எடுக்காதே. காத்தான்குடியிலிருந்தும் ஏறாவூரிலிருந்தும் இரவு பதினொரு மணிக்கு அழைப்பு வந்தாலும் நான் போனது இதற்காகத்தான். விடிந்து சுபஹுத் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்ய வேண்டும் அவர்களுக்கு. வெளிப் பரிசோதனை போதுமா, ஸ்கான் எடுத்துப் பார்க்கலாமா என்று உன் டாக்டரிடம் நீயே முதலில் கேள். மெல்பேணில் 2005இலிருந்து ஸ்கான் செய்கிறார்கள். வெட்டத்தான் வேண்டும் என்றால் ஏன் என்று அந்தக் குடும்பத்துக்கு விளக்கு. கொரோனாக் காலத்தில் இங்கே அந்த விளக்கம் கிடைக்கவில்லை. அடக்கம் செய்வதில் ஆபத்தில்லை என்று உலக சுகாதார அமைப்பு சொல்லியும் 2020இல் முஸ்லிம்களின் ஜனாசாக்களை, அதாவது உடல்களை, எரித்தார்கள். 2021 மார்ச்சில்தான் ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய விட்டார்கள். பிறகு நாடு முழுக்க இருந்து அங்கே கொண்டுவந்து அடக்கினார்கள். பிள்ளையின் கபுறை, அடக்கிய இடத்தை, பார்க்க எத்தனை மைல் தாண்டி வருகிறார்கள் தெரியுமா?

சரி, உன்னைப் பற்றி. வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் தலை முழுகு. நான் கிணற்றடியில் குளிக்காமல் படி ஏறினதில்லை, நீ சின்னதிலிருந்து பார்த்ததுதான். துடக்குக்காக மட்டும் இல்லை. அந்தத் தண்ணீர் விழுகிற நேரத்தில்தான் மனம் வீட்டுக்கு வரும். குழந்தைகளின் சாவு பார்த்த நாளில் தனியாக இருக்காதே. நேரம் பார்க்காமல் எனக்கு எடு, இங்கே நடுச்சாமமாக இருந்தாலும் பரவாயில்லை.

அப்புறம், தமிழ்க் குடும்பம் என்றால் மொழிபெயர்க்க உன்னைக் கூப்பிடுவார்கள். போ. டாக்டர் சொன்னதைக் குறைக்காமல், மழுப்பாமல் சொல். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசு. எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்குக்கு முன் உடல் கிடைக்குமா, ஊருக்கு அனுப்பலாமா என்று கேட்பார்கள். அதற்கான நடைமுறையை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள். பெற்றோர் மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ இருந்து, அவர்களுக்கு விஷயத்தைச் சொல்ல அங்கே யாரும் இல்லை என்றால், உன் மேலதிகாரியிடமும் குடும்பத்தாரிடமும் அனுமதி வாங்கிக்கொண்டு எனக்குச் சொல். என்ன நடந்தது, எது தெரியும், எது இன்னும் தெரியாது என்று தெளிவாக எழுதி அனுப்பு. போனில் சொல்ல மாட்டேன். எந்த ஊராக இருந்தாலும் பஸ் ஏறி, அந்த வீட்டுக்கு நேரே போய்ச் சொல்வேன்.

அன்புடன்,
அப்பா