தியத்தலாவையில் இருந்து போன கடிதங்கள்: வரலாற்று ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஊவா மாகாணத் தமிழ்ப் பாடசாலைகளில் வரலாறு படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். தியத்தலாவை என்றால் நம் பிள்ளைகளுக்கு இராணுவ முகாம்தான் தெரியும். 1900 ஆகஸ்டில் அங்கே கொண்டுவரப்பட்டவர்களைப் பற்றி ஒரு பாடவேளை பேசுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

தென்னாப்பிரிக்காவில் ஆங்கிலேயரோடு போரிட்டுப் பிடிபட்ட போயர்கள் அவர்கள், அங்கே குடியேறிய டச்சுக்காரர் வழிவந்த வெள்ளையர்கள். இலங்கைக்கு வந்த ஏறத்தாழ 5,000 பேரில் பெரும்பாலானவர்களைத் தியத்தலாவையில் தகரக் கொட்டகைகளில் வைத்தார்கள். சம்பளத்துக்குப் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள் இல்லை. ஆடுமாடும் சோளமும் பார்த்துக்கொண்டிருந்த விவசாயிகள், போர் என்றதும் சொந்தக் குதிரையில் கிளம்பியவர்கள். மீசை முளைக்காத பையன்களும் இருந்தார்கள், தாடி நரைத்தவர்களும் இருந்தார்கள்.

அவர்கள் வீட்டுக்குக் கடிதம் எழுதினார்கள். தணிக்கை அதிகாரி வாசித்து முத்திரை குத்திய பிறகுதான் அது மலையிறங்கும். மனைவிக்கு எழுதுவதை முதலில் அந்நியன் ஒருவன் வாசிப்பான் என்று தெரிந்தே எழுத வேண்டிய நிலை.

அதைவிடக் கொடுமை, கடிதம் போய்ச் சேர வேண்டிய வீடு. ஆங்கிலேயப் படை போயர் பண்ணைகளைக் கொளுத்தி, பெண்களையும் பிள்ளைகளையும் தடுப்பு முகாம்களில் அடைத்தது. அங்கே 26,000 பேருக்கு மேல் இறந்தார்கள். கறுப்பின மக்களைத் தனி முகாம்களில் அடைத்தார்கள், அங்கேயும் ஆயிரக்கணக்கில் சாவு. மாடு கன்று நலமா என்று இங்கிருந்து ஒருவர் எழுதியிருந்தால், வாசிக்க வேண்டியவள் கூடாரத்தில் பிள்ளையைப் பறிகொடுத்து உட்கார்ந்திருப்பாள். வீடு எரிந்த கதையை இந்த நாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு நீங்கள் விளக்கத் தேவையில்லை.

ஒன்றை மட்டும் மறைக்காதீர்கள். இதே போயர்களின் டிரான்ஸ்வால் அரசுதான் 1885இல் சட்டம் போட்டு இந்தியருக்குக் குடியுரிமை இல்லை என்றது. அந்தப் போரிலேயே ஆங்கிலேயர் பக்கம் காயம்பட்டவர்களைத் தூக்கிச் சுமக்கக் காந்தி ஒரு படை திரட்டினார். சுமார் 1,100 பேர். பெரும்பாலானவர்கள் தென்னாப்பிரிக்காவில் ஆங்கிலேயர் ஆண்ட நேட்டாலின் ஒப்பந்தக் கூலிகள், தமிழரும் அவர்களில் உண்டு. அவர்கள் ஊருக்கு எழுதுவித்த கடிதங்கள் எங்கே?

போயர் கைதிகளின் கடித உறைகளை இன்று தபால்தலை சேகரிப்பவர்கள் விலை கொடுத்து வாங்குகிறார்கள். நம் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களிலும் கடிதங்கள் இருந்தன. எங்கள் வீட்டில் அடுப்புப் பக்கத்துச் சுவரில் ஒரு வளைந்த கம்பி தொங்கும், வந்த கடுதாசி எல்லாவற்றையும் அப்பா அதில்தான் குத்தி வைப்பார். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியா போன சித்தப்பா கூடலூர்த் தேயிலைத் தோட்டத்தில் இருந்து எழுதியவைதான் அதிகம். புகை ஏறிப் பழுத்த நீலத்தாள், இடம் போதாமல் ஓரத்தைச் சுற்றிச் சுற்றி எழுதிய வரிகள். கூரை ஒழுகியதில் பாதி ஒட்டிக் கூழாகிவிட்டது.

இன்னும் சில வீடுகளில் கம்பி இருக்கும், தகரப்பெட்டி இருக்கும். இந்த நாட்டு உள்நாட்டுப் போர்க்காலத்தில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிபட்ட மலையகப் பிள்ளைகள் தடுப்பில் இருந்து எழுதியவையும் இருக்கலாம். அம்மாமார் அவற்றைச் சேலைக்கு அடியில் வைத்திருப்பார்கள். அதைக் கேட்கும்போது அவசரப்படாதீர்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

தியத்தலாவைப் பாடம் முடிந்ததும், வீட்டில் பழைய கடிதம் இருக்கிறதா என்று பாட்டியிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். தாளையும் உறையையும் இருபக்கமும் போனில் படம் எடுங்கள். யார் யாருக்கு எழுதியது, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று பாட்டி சொல்லச் சொல்லப் பிள்ளையே எழுதட்டும். அப்புறம் கடிதத்தை அன்றைக்கே அந்த வீட்டில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
அப்புத்தளைத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவன்