தெருவுக்குப் பெயர், வாசலுக்கு எண், அப்புறம்தான் அவசர எண்: டெல்டா பேரூராட்சி மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் பேரூராட்சித் தலைவர்கள், வார்டு உறுப்பினர்கள், செயல் அலுவலர்கள்.

மதிப்பிற்குரியோரே, வணக்கம்.

அஞ்சல் பட்டுவாடா, ஆம்புலன்ஸ், நில அளவை ஆகிய வேலைகளை அறிந்தவர்கள் சேர்ந்து இந்த மடலை எழுதுகிறோம். ஊருக்கென்று தனி அவசர எண் ஒன்று வேண்டும், பேரூராட்சி அலுவலகத்தில் 24 மணி நேரமும் ஒருவர் போன் எடுக்க வேண்டும் என்ற யோசனை மன்றக் கூட்டங்களில் எழுவது உண்டு. அக்கறையில் பிறக்கும் யோசனைதான். ஆனாலும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் 48 மணி நேரம் பார்த்தால் ஒரு நாற்காலிக்கே மூன்றரை ஆள் வேண்டும். விடுப்பு, பண்டிகை எல்லாம் சேர்த்தால் ஐந்து பேர். ஐந்து பேரைப் போட்டாலும் இருப்பது ஒரு லைன்தான். கூரை தீப்பிடித்தால் தெருவே ஒரே நேரத்தில் போன் செய்யும். முதல் அழைப்பைத் தவிர மற்றதெல்லாம் 'பிஸி' என்று வரும். அந்த முதல் அழைப்பை எடுத்தவரும் மறுபடி ஆம்புலன்ஸுக்கு 108-க்கோ தீயணைப்புக்கு 101-க்கோதான் பேசியாக வேண்டும். நடுவில் ஓர் ஆளைச் சேர்ப்பதால் நிமிடங்கள் போவதுதான் மிச்சம். 108 சேவை 2008 முதல் தமிழ்நாட்டில் ஓடுகிறது. காவல், தீயணைப்பு, மருத்துவம் மூன்றுக்கும் பொதுவாக 112 இருக்கிறது. வெள்ளம், புயலுக்கு மாவட்ட அளவில் 1077 இருக்கிறது. எண்ணுக்குப் பஞ்சமில்லை. அந்த எண்ணை அழைப்பவர் தான் இருக்கும் இடத்தைச் சொல்ல முடியாமல் திணறுவதுதான் பிரச்சினை. அதைத் தீர்க்கும் அதிகாரம் மாநில அரசைவிட உங்கள் கையில்தான் அதிகம்.

108-ஐ அழைத்தால் போனை எடுப்பவர் தொலைவிலுள்ள கட்டுப்பாட்டு மையத்தில் இருப்பார். மாவட்டம், தாலுகா, ஊர், தெரு, அடையாளம் என்று வரிசையாகக் கேட்பார். "பெருமாள் கோயில் பக்கத்துல மேலத்தெரு" என்றால் உள்ளூர்க்காரருக்கு அது போதும், அவருக்குப் போதாது. செல்போன் டவரை வைத்து இடம் கண்டுபிடிப்பார்கள் என்று பலர் நம்புகிறார்கள். டவர்கள் தள்ளித் தள்ளி நிற்கும் நம் பகுதியில் டவரை மட்டும் வைத்துக் கிடைப்பது சில கிலோமீட்டர் விட்டமுள்ள வட்டம். ஜிபிஎஸ் இடம் துல்லியமாகக் கிடைத்தாலும், அழைப்பவர் பாதிக்கப்பட்டவரின் பக்கத்தில் இருக்க வேண்டுமே. திருப்பூரில் இருக்கும் மகன், ஊரில் தனியாக இருக்கும் அம்மாவுக்காக 108-ஐ அழைத்தால் ஜிபிஎஸ் திருப்பூரைத்தான் காட்டும். அங்கே கைகொடுப்பது முகவரி மட்டும்தான்.

இனி நம் முகவரிகள் எப்படிக் குழம்பிக் கிடக்கின்றன என்று பாருங்கள். ஒரு பேரூராட்சிக்குள் பல வருவாய்க் கிராமங்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு மேலத்தெரு, ஒரு கீழத்தெரு, ஒரு மாரியம்மன் கோயில் தெரு. அதற்கு மேல் நஞ்சையில் புதிதாக மனை பிரித்தவர்கள் வைத்த நகர்ப் பெயர்கள், ஒவ்வொரு நகரிலும் முதல் குறுக்குத் தெரு, இரண்டாம் குறுக்குத் தெரு. மாவட்டப் பெயரிலும் சிக்கல் உண்டு. 1991-இல் நாகப்பட்டினம், 1997-இல் திருவாரூர், 2020-இல் மயிலாடுதுறை என்று மாவட்டம் பிரிந்துகொண்டே வந்ததால், மூன்று தலைமுறை வாழும் ஒரே வீட்டில் மூன்று அட்டைகளில் மூன்று மாவட்டப் பெயர் இருக்கலாம். அஞ்சல் குறியீடு அஞ்சலகத்தின் எல்லையைப் பின்பற்றுவது; மாவட்ட எல்லையை அல்ல. வீட்டு எண்ணோ பழைய எண், புதிய எண், வரிவிதிப்பு எண், கணக்கெடுப்பில் சுவரில் எழுதிவிட்டுப் போன எண் என்று நான்கு விதம்.

கூடப்பிறந்தவர்கள் பாகம் பிரித்த வீடுகளில் இன்னும் மோசம். '12/1' என்பது போனில் "பன்னெண்டு பை ஒண்ணு". இரைச்சலில் அந்தப் 'பை' காதில் விழாவிட்டால் எழுதுபவர் கையில் 121 ஆகிவிடும். 12ஏ, 12பி-யும் அப்படித்தான். சாய்கோடும் எழுத்தும் இல்லாத வெறும் எண் மட்டுமே வீட்டு எண்ணாக இருக்க வேண்டும்.

அதற்கு நாங்கள் பரிந்துரைப்பது மீட்டர் முறை. தெருவின் தொடக்கத்திலிருந்து வாசல் வரை எத்தனை மீட்டரோ, அதுவே வீட்டு எண். இடப்பக்கம் ஒற்றைப்படை, வலப்பக்கம் இரட்டைப்படை. 127 மீட்டரில் இடப்பக்கம் இருக்கும் வாசல் 127. அதற்கு நேர் எதிர் வாசல் 128. நாளை நடுவில் ஒரு வீடு எழும்பினாலும், மனை இரண்டாகப் பிரிந்தாலும் எண் காலியாக இருக்கும். பழைய எண்ணைத் தொட வேண்டியதில்லை. தெருமுனையில் திரும்பும் ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு 340 என்ற எண்ணே இன்னும் 340 மீட்டர், வலப்பக்கம் என்று வழி சொல்லிவிடும். அக்ரஹாரத்து ஒட்டு வீடுகளுக்கும் இது பொருந்தும். ஒரு பக்கத்துக்கு இரண்டு மீட்டருக்கு ஓர் எண் கிடைக்கிறது, வாசல்கள் அதைவிட நெருங்கி இருப்பதில்லை. "127-க்கு அடுத்த வீடு ஏன் 133?" என்று கேட்பார்கள். எட்டு ராசியில்லை, கூட்டினால் ஏழு வருகிறது, மாற்றிக் கொடுங்கள் என்றும் கேட்பார்கள். ஒரு வீட்டுக்கு மாற்றினாலும் முறை உடைந்துவிடும். உறுப்பினர்கள் இதில் உறுதியாக நிற்க வேண்டும்.

தொடக்கம் எது என்பதற்கு ஒரே விதி போதும். வண்டி எந்தப் பெரிய சாலையிலிருந்து தெருவுக்குள் நுழையுமோ அந்த முனைதான் பூஜ்யம். இரண்டு முனையிலும் பெரிய சாலை இருந்தால் மேற்கு முனை. தெரு தெற்கு வடக்காக ஓடினால் வடக்கு முனை. வாய்க்கால் கரைச் சாலைகளுக்கு மட்டும் எப்போதும் தலைப்பிலிருந்து கடைமடை நோக்கி எண்ண வேண்டும். தண்ணீர் போகும் திசை நம் ஊரில் குழந்தைக்கும் தெரியும், அது மாறவும் மாறாது.

கரைகளைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 'வாய்க்கால் தெரு' என்று ஒரே பெயரில் இரண்டு கரையும் இருக்கக் கூடாது. வடகரை ஒரு தெரு, தென்கரை வேறு தெரு. பெயரிலேயே அது தெரிய வேண்டும். கரை மாறி வந்த வண்டிக்கு எதிரே வீடு தெரியும், வாசலில் நின்று கையசைப்பவர்கள் தெரிவார்கள், ஆனால் போய்ச் சேர அடுத்த பாலம் வரை ஓடித் திரும்ப வேண்டும். அந்தப் பாலமும் வண்டியைத் தாங்க வேண்டும். மோட்டார் சைக்கிள் போகும் நடைபாலத்தில் ஆம்புலன்ஸ் போகாது. ஆம்புலன்ஸ் போகும் பாலத்தில் தீயணைப்பு வண்டி போகும் என்பதும் உறுதியில்லை. 4,500 லிட்டர் தண்ணீர் ஏற்றிய வண்டியில் தண்ணீரின் எடை மட்டுமே நாலரை டன். ஆகவே ஒவ்வொரு பாலத்துக்கும் அகலம் எத்தனை மீட்டர், எந்த வண்டி போகலாம் என்பதைப் பொறியாளரைக் கொண்டு பார்த்து வரைபடத்தில் குறியுங்கள். ரயில்வே கேட்டால் பிரியும் ஊர்களில், கேட் மூடியிருந்தால் எந்த வழி என்பதையும் சேர்த்தே குறியுங்கள். ஸ்ட்ரெச்சரைக் கையில் தூக்கித்தான் போக முடியும் என்ற சந்துகளுக்கு, வண்டி நிற்கும் இடத்திலிருந்து எத்தனை மீட்டர் என்பது வேண்டும். கூடுதலாக இரண்டு பேரைக் கூப்பிட வேண்டுமா என்று மருத்துவ உதவியாளர் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.

நம் பழைய வீடுகள் திண்ணையில் தொடங்கிக் கொல்லை வழியாக அடுத்த தெரு வரை நீளும். பின்கட்டில் குடியிருப்பவர் நடமாடுவது பின்தெரு வழியாக என்றால் அவருக்குப் பின்தெரு எண்தான் தர வேண்டும். எண் பட்டாவுக்கு உரியதல்ல, ஸ்ட்ரெச்சர் நுழையும் வாசலுக்கு உரியது. எண் தகட்டைத் திண்ணைக்கு உள்ளே நிலைப்படியில் அடித்தால் தூண் மறைக்கும், கீற்றுப் பந்தல் மறைக்கும். தெருவைப் பார்க்கும் வெளித்தூணில், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில், இரண்டு ஸ்குரூ போட்டு அடிக்க வேண்டும். கதவிலும் ஷட்டரிலும் வேண்டவே வேண்டாம்; திறந்தால் எண் மறைந்துவிடும். 150-க்கு 100 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு, இலக்கம் 70 மில்லிமீட்டர் உயரம், வெளிச்சம் பட்டால் மின்னும் ஒளிர்தாள். பெயின்டில் எழுதினால் அடுத்த பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது போய்விடும்.

தெருப் பலகைகளைச் சுவரோடு ஒட்டி மாட்டும் பழக்கத்தை விடுங்கள். வண்டி ஓட்டுபவர் கண்ணுக்கு நேராக, தெருமுனையில் குறுக்காக, இரண்டு மீட்டருக்குக் குறையாத உயரத்தில் நிற்க வேண்டும். தமிழ் எழுத்துக்கு மேலே விலங்கும் ('கி'யில் வருவது) கீழே சுழியும் ('கு'வில் வருவது) உண்டு. பலகையின் உயரத்தைக் கணக்கிடும்போது அதற்கும் இடம் விட்டு, 'க' என்ற எழுத்தே 100 மில்லிமீட்டர் வரும்படி அச்சடிக்கச் சொல்லுங்கள். பெயருக்குக் கீழே அம்புக்குறியும், '1 – 340' என்று எண் வரம்பும், ஊர்ப் பெயரும் இருக்கட்டும். மின்கம்பத்தில் கட்டக் கூடாது. தனியாக 50 மில்லிமீட்டர் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் போட்டு, குறைந்தது 600 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கான்கிரீட் இடுங்கள். நம் களிமண் மழையில் ஊறிப் பொதுமும், கோடையில் வெடித்து விலகும். ஆழம் குறைந்தால் ஓர் ஐப்பசி மழைக்கே பலகை சாய்ந்துவிடும். வேதாரண்யம், தரங்கம்பாடி போன்ற கடலோர ஊர்களில் சாதா இரும்பு உப்புக் காற்றில் அரித்துப்போகும்.

வீடில்லாத இடங்களை மறந்துவிடாதீர்கள். பாம்பு கடிப்பது வயலில், பம்புசெட்டில், களத்தில். ஆடிப்பெருக்கன்று ஆள் மூழ்குவது படித்துறையில். கொள்முதல் நிலையம், மதகு, சுடுகாடு, பம்புசெட் பாதை பிரியும் இடம், படித்துறை எல்லாவற்றுக்கும் அந்தந்தக் கரைச் சாலையின் மீட்டர் எண்ணையே கொடுத்துத் தகடு வையுங்கள். படித்துறையில் மேல்படிக்கு அருகே, குளிப்பவர் கண்ணில் படும்படி, தெருப் பெயரும் எண்ணும் "108-க்கு இதைச் சொல்லவும்" என்ற ஒரு வரியும் போதும்.

2025 மே மாதம் அஞ்சல் துறை டிஜிபின் என்ற பத்து எழுத்துக் குறியீட்டை வெளியிட்டது. ஏறத்தாழ நாலு மீட்டருக்கு நாலு மீட்டர் கட்டத்தை அது காட்டும். நீங்கள் தயாரிக்கும் முகவரிப் பட்டியலில் ஒவ்வொரு வாசலுக்கும் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஜிபிஎஸ் புள்ளியாகப் பயன்படும். அது இருக்கிறதே என்று தெருப் பெயரையும் எண்ணையும் விட்டுவிடக் கூடாது. அதில் வரும் சி, டி, பி மூன்றும் பதற்றத்தில் போனில் ஒன்றுபோலக் கேட்கும். கும்மிருட்டில் பாட்டியால் அதைப் படித்துச் சொல்லவும் முடியாது.

தெருப் பெயர்களிலுள்ள ஜாதிப் பெயர்களை நீக்குவது பற்றி 2025 அக்டோபரில் அரசாணை வந்தது. செய்ய வேண்டிய வேலை அது. அதையும், பல தெருக்களுக்கு ஒரே பெயராக இருக்கும் இரட்டைப் பெயர்களைத் தீர்ப்பதையும் ஒரே சுற்றில் முடியுங்கள். இரண்டு தடவை செய்தால் மக்கள் ஆதார், ரேஷன் அட்டை, வங்கிக் கணக்கு என்று இரண்டு தடவை அலைவார்கள். புதுப் பெயர் வாயில் படிய வருடக்கணக்காகும். அதுவரை பழைய பெயரைச் சொல்லி அழைப்பவரையும் வண்டி தேடிப் போக வேண்டும். எனவே கட்டுப்பாட்டு மையத்துக்குத் தரும் பட்டியலில் மட்டும் 'முன்பு வழங்கிய பெயர்' என்று ஒரு பத்தி வைத்துக்கொள்ளலாம், பலகையில் கூடாது.

வேலை செய்யும் காலம் மாசி முதல் வைகாசி வரை. சம்பா அறுவடை முடிந்திருக்கும், கரைகள் காய்ந்திருக்கும், மேட்டூர்த் தண்ணீர் வந்திருக்காது. முதலில் சொத்துவரிப் பதிவேடு, குடிநீர் இணைப்புப் பட்டியல், தபால்காரரின் பட்டுவாடா வரிசை மூன்றையும் வைத்துத் தெருப் பட்டியல் போடுங்கள். மூன்றும் ஒத்துப்போகாது. ஒத்துப்போகாத இடங்கள்தான் உண்மையான வேலை. பிறகு அளவைச் சக்கரத்தோடு ஒருவர், எழுத ஒருவர், தெரு அறிந்த தூய்மைப் பணியாளர் ஒருவர் என மூவராக நடந்து அளக்கட்டும். பெயரில் ஆட்சேபம் கேட்க வார்டு கூட்டம், பிறகு மன்றத் தீர்மானம், அதன்பிறகே தகட்டுக்கு ஆர்டர். தகட்டை முதலில் அடித்துவிட்டு ஆட்சேபம் கேட்டால் பாதித் தகடு பழைய இரும்புக் கடைக்குப் போகும். பழைய எண்ணை இரண்டு வருடம் வரை தகட்டின் கீழே சிறிதாக விட்டுவையுங்கள்.

முடிந்த பட்டியல் 108 நிர்வாகம், 112 கட்டுப்பாட்டு அறை, தீயணைப்பு நிலையம், காவல் நிலையம், அஞ்சலகம், மின்வாரியப் பிரிவு அலுவலகம், ஆட்சியர் அலுவலகத்தின் 1077 அறை ஆகிய ஏழு இடத்துக்கும் போக வேண்டும். பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் வாங்குங்கள். பெரிய தாளில் அச்சிட்ட வரைபடமும் வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது மின்கம்பமும் டவரும் சேர்ந்தே விழுந்தன. அப்படிப்பட்ட நாளில் செயலி திறக்காது, சுவரில் மாட்டிய வரைபடம்தான் நிற்கும்.

பிறகு ஒரு சோதனை. 108-க்குப் பொய் அழைப்பு விடாதீர்கள். அது இன்னொருவரின் வண்டியைப் பிடித்து வைப்பதாகும். ஊருக்குப் புதிய ஓட்டுநர் ஒருவரிடம் இரவு எட்டு மணிக்கு மேல் இருபது முகவரிகளைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். செல்போன் கூடாது, யாரிடமும் வழி கேட்கக் கூடாது. எந்த வாசலை அவர் தவறவிடுகிறாரோ அங்கே பலகை மறைந்திருக்கும், அல்லது பெயர் இன்னும் இரட்டையாக இருக்கும். அதைச் சரிசெய்துவிட்டு வேறு இருபது முகவரிகளோடு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

இதற்குப் பொறுப்பாக ஓர் ஊழியரைப் பெயர் குறித்து நியமியுங்கள். புதுக் கட்டட அனுமதிக்கும் புது மனைப்பிரிவுக்கும் அவர் எண்ணும் பெயரும் தராமல் கோப்பு நகரக் கூடாது. மாதம் ஒருமுறை மாற்றங்களை அந்த ஏழு இடத்துக்கும் அவரே அனுப்ப வேண்டும். அவர் மாறுதலில் போனால் அடுத்தவர் பெயர் அன்றே உத்தரவில் வர வேண்டும்.

உங்கள் அடுத்த சாதாரணக் கூட்டத்தின் பொருள்நிரலில் இதைச் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறோம். ஒரு வார்டில் தொடங்கினாலும் போதும். அந்த வார்டு, வாய்க்காலின் இரு கரையும் உள்ள வார்டாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
டெல்டாவில் முகவரியோடும் அவசர ஊர்தியோடும் வேலை செய்பவர்கள்